பத்தாயிரம் ரூபாய்க்குள் வீட்டு ஒலிப்பதிவு: நாயனம் கற்றுத் தந்த பாடம்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், துறை சம்பந்தமாக இருந்தால் நல்லது என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். "டைனமிக் மைக், கண்டன்சர் மைக் வேறுபடுத்துக" என்ற கேள்வியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நானும் படம் போட்டு, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினேன். ஆனால் கையில் காசை வைத்துக்கொண்டு உண்மையாகவே ஒரு மைக் வாங்கப் போனபோது அந்தப் பதில் எனக்கு உதவவில்லை. தப்பான பொருளை வாங்கினேன். அந்தத் தப்புக்கு நான் கொடுத்த விலை 2,300 ரூபாய் மட்டும் அல்ல. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் பாட்டுப் பாடுகிறவர்கள், வீணை, புல்லாங்குழல், கிதார் வாசிக்கிறவர்கள், உடுக்கையும் பம்பையும் அடிக்கிறவர்கள் நம் கல்லூரியிலேயே பலர் இருக்கிறார்கள். அவர்கள் என் தப்பைத் திரும்பச் செய்யாமல் இருந்தால் போதும்.

எங்கள் வீட்டு நிலவரம்

எங்கள் தாத்தா நாதஸ்வரக் கலைஞர். வீட்டில் யாரும் நாதஸ்வரம் என்று சொல்வதில்லை, நாயனம்தான். அப்பா தவில். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தாத்தா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி டிப்ளமோ வரை வந்தது நான்தான்.

2024 ஆவணியில் தாத்தாவுக்கு முன்பற்கள் ஆட ஆரம்பித்தன. நாயனம் வாசிக்கிறவருக்குப் பல்லும் உதடும் தான் மூலதனம். சீவாளியை உதட்டால் கவ்விப் பிடிக்க உள்ளே பல் தாங்க வேண்டும். பல் டாக்டர், "ஐப்பசிக்குள்ள நாலு பல்லையும் எடுத்துடணும்" என்று சொல்லிவிட்டார். பல் கட்டிக்கொண்ட பிறகும் வாசிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பழைய மாதிரி வருமா என்று தாத்தாவுக்கே தெரியவில்லை.

அவர் வாசித்ததில் ஒன்றுகூட ஒழுங்கான பதிவாக எங்களிடம் இல்லை. கல்யாண வீடியோக்களில் பின்னணியில் வருவதும், யாரோ செல்போனில் எடுத்ததும்தான். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி அவருக்கு எத்தனையோ தெரியும். ஒன்றும் எழுதி வைக்கப்படவில்லை.

என்னிடம் இருந்தது 10,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கு வரும் பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் வந்தது. அதில் பத்து மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன்.

நான் செய்த தப்பு

"ஸ்டுடியோ கண்டன்சர் மைக்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த ஒரு செட்டை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். மைக், மேசையில் பிடிக்கும் கைப்பிடி, பாப் ஃபில்ட்டர், பஞ்சு மூடி எல்லாம் இருந்தது. மைக்கின் வயர் முனையில் ஹெட்போன் பின் மாதிரி 3.5 மி.மீ. பின். தோழி ஒருத்தி தன் மடிக்கணினியைக் கொடுத்தாள். எங்கள் முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. சிமெண்ட் தரை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தாத்தா தரையில் உட்கார்ந்தார். மைக்கை நாயனத்தின் அணசுக்கு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அவர் சுருதி பார்த்து மெதுவாக ஊதியபோது அளவு சரியாகத்தான் காட்டியது. பிறகு தோடி எடுத்தார். நாற்பது நிமிடம். நடுவில் அப்பா கதவோரம் வந்து நின்றுகொண்டு அசையவே இல்லை. அவ்வளவு நன்றாக அமைந்த வாசிப்பை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

போட்டுப் பார்த்தால் மேல் ஸ்தாயி முழுக்க ஒரே கரகரப்பு. அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சிகள் எல்லாம் மண்வெட்டியால் வரப்பைச் செதுக்கின மாதிரி தட்டையாக இருந்தன. தாத்தா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது நாயனம் இல்ல ஆயி, திருவிழாவுல விக்கிற பீப்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"இன்னொரு தரம் வாசிங்க தாத்தா" என்று கேட்க வாய் வரவில்லை. பல் வலியோடு வாசித்தவர் அவர்.

ஏன் அப்படி ஆனது?

இதைக் கிளிப்பிங் என்பார்கள். குடத்தில் கொள்ளளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் வழிந்து போகும். வழிந்ததைத் திரும்பக் குடத்தில் எடுக்க முடியாது. அதுபோல, எந்த மின்சுற்றும் தன் வரம்புக்கு மேல் வந்த சமிக்ஞையை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட உச்சியைப் பிறகு எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது.

நான் முதலில் செய்தது கணினியில் ரெகார்டிங் அளவைக் குறைத்ததுதான். தாத்தாவின் பழைய சீவாளி ஒன்றை மாட்டி நானே ஊதிப் பார்த்தேன். அலை சிறியதாக வந்தது, ஆனால் உச்சி அப்போதும் தட்டை! இதிலிருந்து ஒரு முக்கியமான சோதனை கிடைக்கிறது, நண்பர்களே. அளவைக் குறைத்த பிறகும் உச்சி தட்டையாகவே இருந்தால், அந்த இடத்துக்கு முன்னாலேயே எங்கோ வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என் விஷயத்தில் மைக்குக்குள் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரோ கணினியின் மைக் உள்ளீடோ நாயனத்தைத் தாங்கவில்லை. வாய்க்காலின் மேல்மடையில் உடைப்பு எடுத்தபின் கடைமடையில் மண் போட்டு என்ன பயன்?

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். ஒலி நம் கோப்பில் வந்து சேர்வதற்குள் கடக்கும் வழி இது: வாத்தியம், இடம், மைக், கேபிள், ப்ரீஆம்ப், ஏ.டி.சி., கணினி, கடைசியாக ஹெட்போன். பணத்தை இந்த வரிசையிலேயே யோசித்துப் பங்கு போட வேண்டும்.

1. முதலில் வாத்தியத்தைப் படியுங்கள்

வாத்தியம் சத்தமானதா, மெதுவானதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

வீணை, தம்புரா, மெல்லிய குரல் போன்றவற்றுக்கு மைக்கின் சொந்த இரைச்சல்தான் எதிரி. கண்டன்சர் மைக்கின் விவரத்தாளில் இதை செல்ஃப் நாய்ஸ் என்று டெசிபலில் போட்டிருப்பார்கள். எண் குறைவாக இருந்தால் நல்லது. நாயனம், தவில், பறை போன்றவற்றுக்கு அதிகபட்ச ஒலி அழுத்தம்தான் முக்கியம். அது மேக்ஸிமம் எஸ்.பி.எல். எண் அதிகமாக இருக்க வேண்டும். விவரத்தாளே இல்லாத மைக் என்றால் அதை வாங்காமல் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். நான் வாங்கிய பெட்டிக்குள் விவரத்தாள் இல்லை. அதையே எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தூரம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அழுத்தம் பாதியாகும், அதாவது 6 டெசிபல் குறையும். சூத்திரம் நாம் படித்ததே: 20 லாக் (புதிய தூரம் / பழைய தூரம்). நான் ஒரு அடியில் வைத்த மைக்கை ஐந்தடிக்கு நகர்த்தியிருந்தால் 20 லாக் 5, அதாவது 14 டெசிபல் இலவசமாகக் குறைந்திருக்கும். ஒரு பைசா செலவில்லை.

2. இடம்: காசில்லாத உபகரணம்

ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்கு சுமார் 343 மீட்டர். ஒரு அடியைக் கடக்க ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. பத்தடி தூரத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 18 மில்லி வினாடியில் வந்து சேரும். காது அதைத் தனி எதிரொலியாகக் கேட்காது. ஆனால் நேர் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களைக் கூட்டும், சிலவற்றைக் குறைக்கும். "பாத்ரூமுக்குள் பாடின மாதிரி இருக்கு" என்கிறோமே, அதுதான்.

சோதனை எளிது. அறை நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். "ட்ரிங்" என்று ஒரு வால் நீண்டால் அறை மோசம். மெத்தை, கம்பளி, துணி அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்தல், நெல் மூட்டை இவை எல்லாம் நன்றாக ஒலியை உறிஞ்சும். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் ஓடுகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவை உயர்ந்த அதிர்வெண்ணை மட்டும் குறைத்து, கீழ் அதிர்வெண்ணை அப்படியே விட்டுவிடும்.

எங்கள் அறையை மெத்தையால் சுற்றி அடைக்கலாமா என்று நான் அளந்துகொண்டிருந்தபோது தாத்தா கேட்டார்: "ஏன் ஆயி, நாயனம் வெளியில வாசிக்கிறதுக்குன்னே பொறந்தது. நாலு வீதிக்குக் கேக்கணும் அது. அதைக் கொண்டாந்து ரூமுக்குள்ள அடைச்சது யாரு?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வீட்டு ஒலிப்பதிவு என்றால் வீட்டுக்குள் என்று எவன் சொன்னான்! எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. எதிரொலிக்க நெருக்கத்தில் சுவர் இல்லை. வெளிச்சத்தம்? செல்போன் செயலியில் விடியற்காலையில் அளந்தேன். 40 டெசிபல் சுமாருக்குக் காட்டியது. ஐந்தடியில் நாயனம் 100 சுமார். செயலியின் அளவு துல்லியம் இல்லைதான். ஆனாலும் வித்தியாசம் 60 டெசிபல் என்றால் ஒலி அழுத்தத்தில் 1,000 மடங்கு. குருவி கத்தினாலும் கவலையில்லை. வீணைக்கு இது சரிப்படாது, அதற்கு அமைதியான அறைதான் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், வாத்தியம்தான் முடிவு செய்ய வேண்டும்.

3. மைக்: டைனமிக்கா, கண்டன்சரா?

டைனமிக் மைக்கில் காந்தப் புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள் அசைகிறது. அதற்கு மின்சாரம் தேவையில்லை, முரட்டுச் சத்தத்தையும் தாங்கும். ஆனால் வெளியீடு குறைவு. கண்டன்சரில் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள மின்தேக்குத்திறன் மாறுகிறது. நுண்ணிய ஒலியையும் பிடிக்கும். அதற்கு 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும்.

எண்ணில் பார்ப்போம். 94 டெசிபல் என்பது 1 பாஸ்கல். அந்த அழுத்தத்தில், 1965-இல் வந்து இன்றும் மேடைகளில் காணப்படும் ஷூர் எஸ்.எம். 57 டைனமிக் மைக் 1.6 மில்லிவோல்ட் தருகிறது. ஆடியோ டெக்னிகா ஏ.டி. 2020 கண்டன்சர் 14.1 மில்லிவோல்ட் தருகிறது. 14.1-ஐ 1.6-ஆல் வகுத்து லாக் போட்டால் வித்தியாசம் சுமார் 19 டெசிபல். டைனமிக் மைக்குக்கு ப்ரீஆம்ப் அவ்வளவு கூடுதலாகப் பெருக்க வேண்டும். மெல்லிய குரலுக்கு, மலிவான ப்ரீஆம்பில், அது இரைச்சலாக வந்து நிற்கும். நாயனத்துக்குக் கவலையே இல்லை.

கண்டன்சர் என்றாலே நாயனத்துக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். ஏ.டி. 2020-இன் விவரத்தாளில் அதிகபட்சம் 144 டெசிபல் என்று போட்டிருக்கிறது, தாராளமாகத் தாங்கும். சொந்த இரைச்சல் 20 டெசிபல் என்பதால் குரலுக்கும் உதவும். ஆனால் புதிதாக வாங்கினால் என் பட்ஜெட்டில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். பிறகு கேபிள் எங்கே, இன்டர்ஃபேஸ் எங்கே?

அப்பாதான் வழி சொன்னார். "நம்ம மைக்செட் அண்ணன்கிட்ட கேளேன். கோயில்ல பாடுற மைக்கு அதுல நாலஞ்சு சும்மாதானே கிடக்கு?" கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்! நல்ல நிலையில் இருந்த இரண்டு டைனமிக் மைக், ஒரு நாள் வாடகை ஒன்றுக்கு 150 ரூபாய். ஒரே ஒரு நாள் தேவைப்படும் பொருளை வாங்குவானேன்?

வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பிரபலமான மைக்குகளுக்கு அச்சு அசலாகப் போலிகள் சந்தையில் உலவுகின்றன. பாதி விலைக்கு யாராவது புதிது தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

4. கேபிள்

ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபயர் பாடத்தில் "காமன் மோடு ரிஜக்ஷன்" என்று ஒன்றை மனப்பாடம் செய்கிறோமே, அது எதற்கு என்று இங்கே புரிந்தது. எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் மூன்று முனை. ஒன்று கிரவுண்ட். மற்ற இரண்டில் ஒரே சமிக்ஞை நேராகவும் தலைகீழாகவும் போகிறது. வழியில் கலக்கும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும், சமிக்ஞை நிற்கும். என் பழைய 3.5 மி.மீ. வயரில் இந்த வசதி கிடையாது. இருபதடி இழுத்தால் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் "உம்ம்ம்" என்று பாட ஆரம்பித்துவிடும்.

கேபிளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். ஆனால் பின்னைத் திறந்து சால்டரிங்கைப் பாருங்கள். நாம் டிப்ளமோ படிப்பது அதற்காவது உதவட்டும்.

5. இன்டர்ஃபேஸ்: இங்கேதான் பணத்தைப் போட வேண்டும்

மைக்கின் மில்லிவோல்ட்டைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, யு.எஸ்.பி. வழியாகக் கணினிக்குத் தரும் பெட்டி இது. இரண்டு மைக் உள்ளீடு, தனித்தனி கெயின் குமிழ், 48 வோல்ட், ஹெட்போன் துளை இவை இருந்தால் போதும். நான் பழையது ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், இரண்டு உள்ளீட்டிலும் மைக் மாட்டி, குமிழைத் திருப்பிப் பார்த்து, கரகரப்பு இல்லை என்று தெரிந்துகொண்டுதான் காசு கொடுத்தேன். இதற்கு யு.எஸ்.பி. மின்சாரமே போதும். தோப்பில் கரண்ட் தேவைப்படவில்லை.

பிட் கணக்கு: ஒரு பிட்டுக்கு 6 டெசிபல். 16 பிட் என்றால் 96 டெசிபல், 24 பிட் என்றால் 144 டெசிபல். நடைமுறையில் ப்ரீஆம்பின் இரைச்சலால் 144 முழுதாகக் கிடைக்காது. ஆனாலும் 24 பிட்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. உச்சி அளவை மைனஸ் 12 டெசிபலில் நிறுத்தினால் இரண்டு பிட்தான் நஷ்டம், மிச்சம் 22. அதனால் "மீட்டர் மேலே முட்டினால்தான் நல்ல பதிவு" என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பயமில்லாமல் இடம் விட்டுப் பதியலாம்.

சாம்பிளிங் 44,100 ஹெர்ட்ஸ் போதும். நைக்விஸ்ட் விதிப்படி அதில் பாதி, 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். மனிதக் காதின் எல்லை 20,000. 24 பிட், இரண்டு தடம் என்றால் வினாடிக்கு 2,64,600 பைட். ஒரு நிமிடத்துக்கு சுமார் 16 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 953 எம்.பி. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கோப்பை வேவ் வடிவில் சேமியுங்கள். எம்.பி. 3 என்பது பிறருக்கு அனுப்ப மட்டும்.

மென்பொருளுக்குச் செலவே இல்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம்தான்.

இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று கையடக்க ரெகார்டர்கள் வந்துள்ளன. "எவ்வளவு சத்தமும் கிளிப் ஆகாது" என்று விளம்பரம் செய்கிறார்கள். எண்ணாக மாற்றும் இடத்தில் அது உண்மை. ஆனால் முன்னால் இருக்கும் மைக் தாங்காவிட்டால் அதுவும் வெட்டுப்படும். என் கதைதான்!

6. ஹெட்போன்

காதை முழுதாக மூடும் வயர் ஹெட்போன் ஒன்று கட்டாயம். புளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாக வரும். முதல் தடவை என் காதில் ஹெட்போன் இருந்திருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே கரகரப்பைக் கேட்டு நிறுத்தியிருப்பேன். அந்தத் தோடி பிழைத்திருக்கும். இதை நினைக்காத நாள் இல்லை.

என் கணக்கு

முதல் தப்பு: 2,300
பழைய இன்டர்ஃபேஸ்: 4,500
எக்ஸ்.எல்.ஆர். கேபிள் இரண்டு: 800
மைக் ஸ்டாண்ட் ஒன்று: 650
ஹெட்போன்: 1,300
மைக் வாடகை: 300
மீதி: 150
ஆக மொத்தம்: 10,000

இரண்டாவது ஸ்டாண்ட் வாங்கவில்லை. மணல் நிரப்பிய வாளியில் ஒரு மூங்கிலை நட்டேன். ஸ்டாண்டைவிட அதுதான் ஆடாமல் நின்றது.

தோப்பில் நடந்தது

புரட்டாசிக் கடைசி, மழைக்காலம் தொடங்குவதற்கு முன். காலை நாலரை மணி, காற்றே இல்லை. அப்பா முதலில் டார்ச் அடித்துத் தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தார். "குலை விழுந்தா மைக்கு போயிடும்" என்றார். தலை போயிடும் என்று சொல்லவில்லை!

தாத்தாவின் நாயனம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்தது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது அந்த ஊர் நாயனம்தான். நாயனத்தில் விரல் வைக்கும் துளை ஏழு, சுருதி சேர்க்கும் துளை ஐந்து. ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்த துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேராக மைக் வைத்தால் சில ஸ்வரம் குதிக்கும், சில பதுங்கும். அதனால் இந்த முறை ஐந்தடி தள்ளி, நாயனத்தின் நடுப்பகுதியைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் உயரத்தில் வைத்தேன்.

தவிலுக்குத் தனி மைக் வைத்து இருவரையும் தள்ளித் தள்ளி உட்கார வைக்கத்தான் முதலில் திட்டம் போட்டேன். தாத்தா ஒப்பவில்லை. "அவன் கை எனக்குத் தெரியணும், என் மூச்சு அவனுக்குத் தெரியணும். இல்லாட்டி அது கச்சேரி இல்ல" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மைக்குகளுக்காக மனிதர்களைப் பிரிக்கக் கூடாது. எனவே ஒரே இடத்தில் மைக், ஆட்களை நகர்த்தி அளவு சரிசெய்தேன். நாயனம் ஐந்தடி, தவில் ஒன்பதடி. அந்த வித்தியாசத்தால் தவில் சுமார் 5 டெசிபல் இறங்கியது.

அப்படியானால் இரண்டாவது மைக்? அதை முதல் மைக்கை ஒட்டியே வைத்து, அதன் கெயினை மட்டும் சுமார் 10 டெசிபல் குறைத்து, இரண்டாவது தடத்தில் பதிந்தேன். ஒரு தடம் வெட்டுப்பட்டால் மற்றது காப்பாற்றும். சூடுபட்ட பூனை அல்லவா நான்! சோதனை வாசிப்பைவிட உண்மை வாசிப்பில் கலைஞர்கள் எப்போதும் ஒரு படி மேலே போவார்கள். இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா சீவாளியை நனைத்துக்கொண்டு நாலைந்தை மாற்றிப் பார்த்து ஒன்றை எடுத்தார். கம்பீர நாட்டையில் மல்லாரி மூன்று. பிறகு தானாகவே தோடி. இந்தத் தடவை நாற்பது நிமிடம் வாசிக்கவில்லை, பதினெட்டு நிமிடம். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி வாயைத் துடைத்துக்கொண்டார். துண்டில் ரத்தம் இருந்ததை அப்பாவும் நானும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில், மேல் ஸ்தாயியில் அவர் நின்று பிடித்தபோது முதல் தடத்தில் சிவப்பு எரிந்தது. இரண்டாவது தடத்தில் அது சுத்தமாக இருந்தது.

1925 வாக்கில் மின்சார முறை வருவதற்கு முன்பு மைக்கே இல்லாமல், ஒரு கூம்பின் வாய்க்கு முன்னால் வாசித்துத்தான் இசைத்தட்டு எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். 1956-இல் மறைந்த டி. என். ராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதைகளே அந்த அளவுக்குள் ராகத்தை அடக்க வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகள் இல்லாவிட்டால் அவர் வாசிப்பை நாம் எப்படிக் கேட்போம்? எங்கள் தாத்தாவை எந்தக் கம்பெனியும் தட்டுப் போட அழைக்கவில்லை. அவரைப் போல ஊருக்கு ஊர் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் நாம்.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். தாத்தா ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முழுதும் கேட்டார். கடைசியில், "தவில் இன்னும் கொஞ்சம் தூக்கல்தான்" என்றார். அப்பா உடனே, "நாயனம் மட்டும் என்னவாம்?" என்றார். அந்தச் சண்டையைக் கேட்டபோதுதான் பதிவு நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் பல் எடுத்தார்கள். இப்போது பல் கட்டியிருக்கிறார். வாசிக்கிறார். கீழ் ஸ்தாயி நன்றாகவே பேசுகிறது. மேலே அந்த இடத்துக்குப் போகும்போது விரல் போகிறது, மூச்சு போகிறது, உதடு நிற்பதில்லை. அந்தப் பதிவின் மூன்று நகல்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. நீங்களும் எதைப் பதிந்தாலும் ஒரே நகலோடு நிறுத்தாதீர்கள்.

சுருக்கமாக

1. வாத்தியம் சத்தமானதா, மெதுவானதா என்று முதலில் பாருங்கள். சத்தத்துக்கு அதிகபட்ச எஸ்.பி.எல்., மென்மைக்குக் குறைந்த சொந்த இரைச்சல்.
2. இடத்தைக் கை தட்டிச் சோதியுங்கள். தூரத்தை மாற்றுவது இலவசம்.
3. விவரத்தாள் இல்லாத மைக்கைத் தொடாதீர்கள். ஒரு நாள் வேலைக்கு வாடகையே போதும்.
4. பணத்தின் பெரும்பங்கு இன்டர்ஃபேஸுக்கு. பழையது என்றால் சோதித்து வாங்குங்கள்.
5. 24 பிட், உச்சி மைனஸ் 12. முடிந்தால் குறைந்த கெயினில் காப்புத் தடம் ஒன்று.
6. ஹெட்போன் இல்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்தாதீர்கள்.
7. எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். நல்ல மைக் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், வாசிக்கிறவர் அப்படி இல்லை.

இன்டர்ஃபேஸ், இரண்டு கேபிள், ஸ்டாண்ட், ஹெட்போன் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. வீட்டில் பாடுகிற பாட்டியோ, வாசிக்கிற தாத்தாவோ உள்ளவர்கள் என்னிடம் கேளுங்கள். வாடகை வேண்டாம், பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். வாளியும் மூங்கிலும் மட்டும் உங்கள் பொறுப்பு!

எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 

மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை